சங்கு, பாசி, சட்டம்: இராமநாதபுரம் கடற்கரையில் சின்ன வியாபாரமும் பெரிய கம்பெனியும்

கடலுக்கு அடியில் கிடக்கும் ஒரு சங்கை மூழ்கி எடுத்தால் அது திருட்டா? கேள்வி விளையாட்டாகத் தெரியலாம். ஆனால் 1900களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் இதை உட்கார்ந்து விசாரித்திருக்கிறது. சட்டப் புத்தகங்களில் அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல் என்ற பெயரில் இருக்கும் வழக்கு அது. பாக் விரிகுடாவில் இராமநாதபுரம் சமஸ்தானத்துக்கு உரிய சங்குப் படுகையில், கரையிலிருந்து சில மைல் தள்ளி, சிலர் சங்கு எடுத்தார்கள். அது திருட்டு என்று வழக்கு. திறந்த கடல் யாருக்குச் சொந்தம், அதன் அடியில் ஊரும் உயிருக்கு உரிமையாளர் உண்டா என்றெல்லாம் வாதம் நடந்து, கடைசியில் படுகைக்கு உரிமையாளர் உண்டு, அனுமதியில்லாமல் எடுத்தால் திருட்டுதான் என்று தீர்ப்பானது. பாக் விரிகுடா வரலாற்று உரிமை உள்ள கடல் என்று வாதிட இன்றும் சர்வதேசச் சட்ட மாணவர்கள் இந்த வழக்கைத்தான் காட்டுகிறார்கள்.

காமர்ஸ் படிப்பவர்கள் இந்த வழக்கை வேறு விதமாகப் பார்க்கலாம். சேதுபதிகளும், டச்சுக்காரர்களும், பிறகு ஆங்கிலேயரும் முத்துக்கும் சங்குக்கும் மாறி மாறி உரிமை கொண்டாடினார்கள். உரிமை இருந்தவர் குத்தகைக்கு விடுவார். குத்தகைக்கு எடுக்க மொத்தப் பணம் வேண்டும். மூழ்குபவரிடம் மூச்சு இருந்தது, பணம் இல்லை. ஆகவே தொழில் தெரிந்தவர் கூலிக்காரர் ஆனார், பணம் வைத்திருந்தவர் வியாபாரி ஆனார். கீழக்கரைப் பக்கத்தில் எடுத்த சங்கு வங்காளத்தில் டாக்கா வரை போய் வளையல் ஆனது. சங்கின் விலை டாக்காவில் ஏறினாலும் மூழ்கியவரின் கூலி இங்கே அதே வேகத்தில் ஏற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. விதி ஒன்றுதான், ஆனால் அது இரண்டு பேர் மீதும் ஒரே எடையில் விழவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த எடை வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

உப்பு

உப்புக் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் போனார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பாடப் புத்தகத்தில் பெரிதாகச் சொல்வதில்லை. 1931 மார்ச் காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில் உப்புச் சட்டம் நீங்கவில்லை. ஆனால் உப்பு விளையும் பகுதிக் கிராமத்தார் தங்கள் தேவைக்கும், கிராமத்துக்குள் விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ளலாம், வெளியே கொண்டுபோய் வியாபாரம் செய்யக்கூடாது என்று விட்டுக்கொடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் பத்து ஏக்கர் வரையிலான உப்பளத்துக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று வைத்தார்கள். சின்னவருக்கு ஒரு கோடு, பெரியவருக்கு ஒரு கோடு. நம் நாட்டில் அளவைப் பார்த்து விதி போட்டதற்கு நல்ல பழைய உதாரணம் இது.

பிறகு அயோடின் வந்தது. உற்பத்தி இடத்தில் 30 பிபிஎம், வாங்குபவர் கைக்கு வரும்போது 15 பிபிஎம் என்பது கணக்கு. அயோடின் சேர்க்காத சாப்பாட்டு உப்பை விற்க 1997இல் மத்திய அரசு தடை போட்டது, 2000இல் எடுத்தது, 2006இல் மறுபடி போட்டது. கழுத்துக் கழலை நோயைத் தடுக்க இது தேவை என்பதில் மருத்துவர்களிடம் பெரிய சண்டை இல்லை. ஆனால் கலக்க எந்திரம் வேண்டும், சோதிக்க ஆள் வேண்டும், பாக்கெட் போட வேண்டும். இந்தச் செலவு பத்து டன் விற்றாலும் வரும், பத்தாயிரம் டன் விற்றாலும் வரும். காஸ்ட் அக்கவுண்டிங் முதல் பாடத்தில் வரும் நிலையான செலவு இதுதான். வாலிநோக்கத்தில் அரசின் தமிழ்நாடு உப்புக் கழகம் இருக்கிறது, அதனால் சமாளிக்க முடியும். பாத்தி கட்டி உப்பு வாரும் தனி ஆளுக்கு அந்த எந்திரத்தின் விலை அவர் உப்பளத்தின் விலையைவிடப் பெரியதாக இருக்கும்.

பாசி எடுக்கும் பெண்கள்

இனி விஷயத்துக்கு வரலாம். இரண்டாம் உலகப் போர் வரை அகர் என்றால் ஜப்பான். ஆஸ்பத்திரி, சோதனைக்கூடம், மிட்டாய் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். போரில் ஜப்பான் சரக்கு நின்றுபோகவே உலகம் முழுக்க மற்ற கடல்களில் பாசி தேட ஆரம்பித்தார்கள். மன்னார் வளைகுடாவில் அது தாராளமாக இருந்தது. 1966 வாக்கில் இங்கே வியாபாரத்துக்குப் பாசி எடுப்பது தொடங்கிவிட்டது. அகர் எடுக்க மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும், ஆல்ஜினேட் எடுக்கக் கட்டக்கோரையும். வாங்கியவை மதுரைப் பக்கத்துச் சிறு அகர் ஆலைகள், ராணிப்பேட்டைத் தொழிற்சாலை போன்றவை.

எடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சின்னப்பாலம், பாரதிநகர், ஏர்வாடி, களிமண்குண்டு என்று கரை நெடுக ஆயிரக்கணக்கானவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, காலில் செருப்பைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப் பை. வத்தையில் தீவுப் பக்கம் போய் மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்த்து வருவார்கள். காலையில் போனால் மதியம் வரை தண்ணீரில்தான். கரையில் காயப்போட்டு ஏஜென்டிடம் எடை போட வேண்டும். இதைத் தொழில் என்று யாரும் பதிவு செய்யவில்லை. லெட்ஜர் இல்லை, லைசென்ஸ் இல்லை. ஆனால் முதலீடு, உழைப்பு, சரக்கு, சந்தை எல்லாம் இருந்தால் அது பிசினஸ் இல்லாமல் வேறு என்ன?

1986இல் இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டது. 1989இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். காரணம் நியாயமானது. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பாசி இருப்பதும் அந்தத் தீவுகளைச் சுற்றித்தான். வனவிலங்குச் சட்டத்தில் பூங்கா அறிவிக்கும்முன் அந்த இடத்தில் யாருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க வேண்டும் என்று முறை இருக்கிறது. உரிமைக்குப் பத்திரம் காட்டுவது எப்படி? பாட்டி எடுத்தாள், அம்மா எடுத்தாள், நானும் எடுக்கிறேன் என்பதுதான் பத்திரம். முதலில் பல வருடங்கள் சட்டம் காகிதத்தில் இருந்தது. 2000க்குப் பிறகு கண்காணிப்பு இறுகியது. ரோந்துப் படகு வந்தது, வத்தை பிடிபட்டது, பாசி பறிமுதல் ஆனது, அபராதம் வந்தது. ஒரு நாள் சம்பாத்தியம் சில நூறு ரூபாய் என்றால் ஒரு முறை அபராதம் கட்டுவது பல நாள் உழைப்பு. பெரிய கம்பெனிக்கு அபராதம் என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி. இங்கே அது அடுப்பை அணைத்துவிடும்.

பெப்சி வந்த கதை

இதே காலத்தில்தான் இன்னொரு பாசி வந்தது. கப்பாபைகஸ் என்பது இந்தக் கடலைச் சேர்ந்தது இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி, 1984இல் ஜப்பான் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் அதை வளர்த்துப் பழகிக்கொண்டது. இதிலிருந்து வரும் காராஜீனன் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் போகும் சரக்கு. 2000 வாக்கில் பெப்சிகோ இந்தியா அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொண்டு மண்டபம் கரைக்கு வந்தது. பானம் விற்கும் கம்பெனிக்குப் பாசி எதற்கு என்று ஊரில் வியந்தார்கள். பாசிக்கே ‘பெப்சி பாசி’ என்று பெயர் விழுந்தது.

அந்த அமைப்பைக் கவனிக்க வேண்டும். கம்பெனி கடலில் இறங்கவில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூங்கில் மிதவை கட்டி, விதைப் பாசி முடிந்து, சுமார் 45 நாளில் அறுவடை செய்வார்கள். மிதவைக்கு வங்கிக் கடன், அதில் அரசு மானியம் ஒரு பங்கு. விளைந்ததைக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். ஒப்பந்த விவசாயம் நிலத்தில் எப்படியோ அப்படியே தண்ணீரில். பெண்களுக்கு இதில் நன்மையும் இருந்தது. மூழ்க வேண்டாம், மாதா மாதம் பணம் வரும். பலர் சந்தோஷமாகவே சேர்ந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மிதவையும் கடனும் யார் பெயரில் இருந்தன என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பாசி பவளத்தின் மேல் படர்ந்துவிடும் என்று உயிரியல் ஆட்கள் எச்சரித்தார்கள். 2005 டிசம்பரில் தமிழக அரசு ஆணை போட்டது. பாக் விரிகுடாவின் வடக்குப் பகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் இதை வளர்க்கலாம், பூங்காக் கடலில் கூடாது. கம்பெனிக்கு இது பெரிய அடி இல்லை. வாங்கும் இடத்தை மாற்றிக்கொண்டால் போதும். 2008இல் குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் கப்பாபைகஸ் படர்ந்திருப்பதாக ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதே 2008இல் பெப்சிகோ பாசித் தொழிலை அக்ரி என்று முடியும் பெயருள்ள அக்வாஅக்ரி நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டு ஒதுங்கியது. படர்ந்த பாசியைப் பவளத்திலிருந்து பிய்த்து எடுக்கும் வேலை வனத்துறைக்கு வந்தது. 2013க்குப் பிறகு கடல் சூடும் நோயும் சேர்ந்து வளர்ப்புப் பாசி கூட்டமாக அழிந்து உற்பத்தி சரிந்தபோது நஷ்டம் மிதவைக்காரர்கள் தலையில் விழுந்தது. ஒரு பெரிய கம்பெனி ஒரு தொழிலுக்குள் வருவதும் போவதும் எவ்வளவு சுலபம் பாருங்கள். சின்னப்பாலத்துப் பெண்ணுக்கு வெளியேறும் வழி என்று ஒன்று கிடையாது. அவள் பிசினஸும் அவள் வீடும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இந்தச் சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. பவளத்துக்கு ஆபத்து என்று வத்தைகளை மடக்கிக்கொண்டிருந்த அதே வருடங்களில், 167 கிலோமீட்டர் நீளச் சேதுக் கால்வாய்க்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்து, 2005 ஜூலை 2இல் மதுரையில் தொடக்க விழா நடந்தது. தோண்டுவது உயிர்க்கோளக் காப்பகத்தை ஒட்டித்தான். 2007இல் உச்ச நீதிமன்றத்தில் தடை வந்தது, அதுவும் பவளத்துக்காக மட்டும் அல்ல, இராமர் பாலத்துக்காகவும்.

அட்டையும் சுறாவும்

2001 ஜூலை 11 என்ற தேதியைக் கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கத்தில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கடல் அட்டை முழுவதையும், சுறா, திருக்கை இனங்கள் முழுவதையும், கடல் குதிரை, பவளம் போன்றவற்றையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அதாவது புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே பாதுகாப்பு.

கடல் அட்டை வியாபாரம் இங்கே பழையது. பிடித்து, அவித்து, மணலில் புதைத்து, தேய்த்துக் கழுவி, காயவைத்து, சிங்கப்பூர், ஹாங்காங் என்று அனுப்புவார்கள். சின்ன அட்டையைப் பிடித்து அழிக்கக்கூடாது என்று 1982லேயே ஒரு விதி இருந்தது. பதப்படுத்தியது மூன்று அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் ஏற்றுமதி செய்ய முடியாது. அளவு விதியை ஒழுங்காக அமல்படுத்திப் பார்க்காமலேயே முழுத் தடைக்குப் போனார்கள் என்பது மீனவர் தரப்பின் நெடுநாள் வாதம். அதில் நியாயம் இருப்பதாகவே தெரிகிறது.

சுறாவுக்கு என்ன ஆனது? எதிர்ப்பு வந்தது. சுறா நாடு முழுக்க எல்லாத் துறைமுகங்களிலும் இறங்கும் மீன், விசைப்படகும் ஏற்றுமதியாளரும் சேர்ந்த தொழில். அதே வருடம் டிசம்பரில் பட்டியல் திருத்தப்பட்டு சில வகைகள் மட்டும் தடையில் நின்றன, மற்றவை விடுவிக்கப்பட்டன. கடல் அட்டை அப்படியே இருந்தது. அது பெரும்பாலும் இந்த ஒரு கரையின் தொழில். டெல்லியில் கதவைத் தட்ட ஆள் குறைவு. சட்டத்தை 2002இல் திருத்தியபின் முதல் அட்டவணைக் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு வருடம் ஜெயில். ஒரு பையில் அட்டை வைத்திருந்தவருக்கும் அதுதான்.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அந்தப் பக்கம் கடல் அட்டை பிடிக்க லைசென்ஸ் உண்டு, அது சட்டப்படியான தொழில். அட்டைக்கு எல்லைக்கோடு தெரியாது. வியாபாரிக்குத் தெரியும். இந்தப் பக்கம் பிடித்ததை அந்தப் பக்கம் கொண்டுபோனால் அது திடீரென்று நல்ல சரக்காகிவிடுகிறது. தடை வந்த பிறகு தொழில் முழுவதும் நின்றுவிடவில்லை, கடத்தல்காரர் கைக்குப் போனது. மண்டபம் கரையில் பறிமுதல் செய்தி வராத வருடம் இல்லை. நேர்மையாகத் தொழிலை விட்டவர் நஷ்டப்பட்டார், விடாதவருக்கு விலை ஏறியது.

இறால் பண்ணை

பெரிய முதலீடு சட்டத்தில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1990களில் கிழக்குக் கரை முழுக்க இறால் பண்ணை மோகம். விவசாய நிலம் உப்பாகிறது, குடிதண்ணீர் கெடுகிறது என்று சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு. பாரம்பரிய முறைப் பண்ணைகளைத் தவிர, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை இடிக்க வேண்டும் என்றார்கள். இடித்தார்களா? மறுஆய்வு மனு, நிறுத்தி வைப்பு, மசோதா என்று ஒன்பது வருடம் போனது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. அதன் 27வது பிரிவு சொல்வது வேடிக்கையானது: 1991 பிப்ரவரி 19 முதலே அந்த மண்டல விதி இறால் பண்ணைக்குப் பொருந்தியதே இல்லை என்று கருத வேண்டும். அதாவது பதினான்கு வருடம் பின்னால் போய் விதியைத் திருத்தினார்கள்.

இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். இறால் பண்ணைகளில் இரண்டு ஹெக்டேருக்குள் வைத்திருந்த சிறு விவசாயிகள் நிறையப் பேர். புதுச் சட்டம் அவர்களையும்தான் காப்பாற்றியது. ஆனால் அவர்கள் மட்டும் இருந்திருந்தால் பாராளுமன்றம் பின்தேதியிட்டு ஒரு பிரிவு எழுதியிருக்குமா? 1971இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், கட்டுப்பாடுகள் பெரும்பாலும் எந்தத் தொழிலைக் கட்டுப்படுத்துகின்றனவோ அந்தத் தொழிலே தன் வசதிக்குப் பெற்றுக்கொள்வதுதான் என்று எழுதினார், பின்னால் நோபல் பரிசும் வாங்கினார். எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. இந்த இடத்துக்குப் பொருந்துகிறது.

கோடு எங்கே போடுவது

கட்டுப்பாடே வேண்டாம் என்று முடிவுக்கு வருவது சுலபம், தப்பும்கூட. 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை நாட்டுப் படகுக்கு என்று ஒதுக்கியது. அந்த விதி இல்லையென்றால் விசைப்படகு மடிவலை கரை வரை வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கும். அது சரியாக அமலாகவில்லை என்பதுதான் நாட்டுப் படகுக்காரர்களின் குறையே தவிர, விதி இருப்பது அல்ல. இராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப் படகுக்கு மற்ற நான்கு நாள் என்ற ஏற்பாடு இருதரப்பும் சண்டை போட்டுப் பேசி வந்தது. அதனால்தான் அது இன்னும் நிற்கிறது.

2002 உயிரியல் பல்வகைமைச் சட்டமும் அளவைப் பார்க்கிறது. உயிர்வளத்தை வியாபாரத்துக்கு எடுக்கும் கம்பெனி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், வெளிநாட்டவர் கட்டுப்பாட்டில் இருந்தால் சென்னையில் இருக்கும் தேசிய ஆணையத்தின் அனுமதி வேண்டும். உள்ளூர் மக்களுக்கும் விவசாயிகளுக்கும் நாட்டு வைத்தியருக்கும் விலக்கு. பெப்சிகோ கப்பாபைகஸை ஏற்றுமதி செய்ததற்கு முப்பது லட்சத்துக்கும் மேல் இந்தச் சட்டத்தில்தான் கட்டியது, அது பிறகு பாசி வளர்த்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. நம் கடலில் பிறக்காத பாசிக்கு நம் கடலோரத்தாருக்குப் பங்கு கிடைத்தது ஒரு வேடிக்கை. தீவுப் பாசியைக் காலம் காலமாக எடுத்தவர்களுக்கு வனவிலங்குச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு வரி இல்லாதது இன்னொன்று.

அந்த விலக்கைப் பெண்கள் வேறு வழியில் சம்பாதித்தார்கள். கிராமத்துக்குக் கிராமம் சங்கம் சேர்ந்து, கூட்டமைப்பாக்கி, அதிகாரிகளோடு பேச உட்கார்ந்தார்கள். பேசும்போது தங்களுக்குத் தாங்களே விதியும் போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது. இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும், வேரை விட வேண்டும். பவளத்தில் கை வைக்கக்கூடாது. மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியும் எடுப்பதில்லை. பாசி எடுப்பவர் என்று அடையாள அட்டையும் வந்தது. இந்த வேலையில் முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதைக் கொடுத்தது.

2021-22 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குப் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவித்தார்கள். 127.71 கோடி ரூபாய். 2023 செப்டம்பரில் தொண்டி அருகே வலமாவூரில் அடிக்கல் நாட்டினார்கள். வளர்ப்புப் பாசிக்கு விதை, பயிற்சி, பதப்படுத்தும் வசதி எல்லாம் அங்கே வர வேண்டும் என்பது திட்டம். தீவுக்குப் போய் மூழ்கிப் பாசி எடுப்பவர்களுக்கு ஒரு கிலோ பாசிக்கு என்ன விலை என்பதை இன்னும் ஏஜென்டின் தராசுதான் சொல்கிறது.